நான்காவது பெயர்

என் தொழில் என்னவென்று புளியங்கூடலில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பெயர் அட்டையில் ‘சுயாதீன எழுத்தாளர், தொடர்பாடல் ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறேன். அதை வாங்கியவர்கள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப உத்தியோகம் இல்லையோ?” என்று கேட்பார்கள். தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கை, அவர்களிடம் கோழிக்குஞ்சு வாங்கிய குடும்பங்களின் வெற்றிக்கதை, டெங்குத் துண்டுப்பிரசுரம், நெடுந்தீவுக்குப் போகும் உல்லாசப் பயணிகளுக்கான குறிப்பு, பாடசாலை மலர், வெளிநாட்டு அலுவலகங்களுக்கு அனுப்பும் கடிதங்களுக்கு ஆங்கிலம். எழுத்து என்று எது வந்தாலும் செய்வேன். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் ஒரு மேலதிகாரிக்குப் பயந்தால் போதும். நான் எல்லாருக்கும் பயப்பட வேண்டும். பிறவியிலேயே பயந்தவளுக்கு இந்தத் தொழில் நன்றாகத்தான் அமைந்தது.

இதற்குள் தீவுப்பகுதியில் எனக்கு ஓயாமல் கிடைப்பது கல்வெட்டு வேலை. வெளியூர்க்காரர்கள் கல்வெட்டு என்றதும் கோயில் கல்லை நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் நன்றி. நடுப்பக்கத்தில் உறவுமுறை. இறந்தவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருடைய தந்தை என்று வரிசையாக வரும். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் நாடு இருக்கும். புத்தகம் கைக்கு வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். தேவாரத்தில் ஒரு வரி விடுபட்டால் சிவன் பொறுத்துக்கொள்வார். இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் விடுபட்டால் இரண்டு தலைமுறைக்குப் போக்குவரத்து இல்லை. ஒரு மருமகளின் பெயர் இல்லை என்று புங்குடுதீவில் ஒரு குடும்பமே அந்தியேட்டிப் பந்தியிலிருந்து எழுந்து போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை மூன்று முறை பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

இனிச் சொல்லப்போவதில் ஒரு நாட்டின் பெயரை மாற்றியிருக்கிறேன். நடந்து பல மாதமாகியும் பயம் விட்டபாடில்லை.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த ஐயா ஒருவர் இறந்துபோனார். புகையிலையும் மரக்கறியும் பயிர் செய்தவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் காலையில் படுத்த பாயிலிருந்து எழும்பவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வழக்கமாக இணையத்தில் பெரிதாக மரண அறிவித்தல் போடுவார்கள். இந்த வீட்டில் போடவில்லை. ஆரவாரம் வேண்டாம் என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டாராம். அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். செத்தவீடு முடிந்து ஒரு கிழமையில் அம்மா என்னிடம் வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கொப்பியில் கிழித்த ஒரு தாளை நீட்டினார்.

“பிள்ளை, எல்லாம் இதிலை எழுதியிருக்கிறன். இதிலை இருக்கிறதை மட்டும் போட்டால் காணும்.”

“வாழ்க்கைக் குறிப்பு கொஞ்சம் விரிவாய் எழுதட்டோ அம்மா?”

“உம்மடை விருப்பம். ஆனால் பேருகள் இதிலை உள்ளது மட்டும்.”

மட்டும், மட்டும் என்று இரண்டு தரம் சொன்னார். ஊரில் ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். தொடர்பாடல் ஆலோசகருக்கு விளங்கவில்லை.

அம்மா போன பிறகு தாளைப் பார்த்தேன். பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகன் கனடா, ஒரு மகள் வவுனியா, மற்ற மகள் லண்டன். கடைசி மகனைக் காணவில்லை. அவன் சுவிஸுக்குப் போய் ஆறேழு வருடம். பாவம், புருஷன் போன துக்கத்தில் கடைக்குட்டியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டால், பெற்ற பிள்ளையை மறந்துபோனேனே என்று அதற்கு வேறு அழுவார். அதனால் சத்தமில்லாமல் நான்காவது பெயரை நானே சேர்த்தேன். அடைப்புக்குறி போட்டு உள்ளே சுவிஸ் என்றும் எழுதினேன். ஒரு குடும்பச் சண்டையை முளையிலேயே கிள்ளிவிட்ட பெருமையில் அன்று இரண்டாவது தேத்தண்ணியும் குடித்தேன். ஒரு பிரதியை மின்னஞ்சலில் கனடாவிலிருந்த மூத்தவருக்கு அனுப்ப, அவர் “திறம் தங்கச்சி” என்று பதில் போட்டுவிட்டுச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அதைத் தட்டிவிட்டார். நான் யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். காலையில் கோழிக்குஞ்சு அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

“அக்கா, நான் ஒழுங்கை முடிவு வீட்டுக் கடைசி மகன் கதைக்கிறன். அண்ணை அனுப்பின கல்வெட்டை இப்பதான் பார்த்தனான். அதிலை என்ரை பேரும் சுவிஸ் எண்டும் கிடக்கு. என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை அக்கா. கடைசி விசாரணை, அந்தியேட்டி அண்டைக்குத்தான் வருது. அம்மாவின்ரை கடிதம் நீங்கள்தானே எழுதினனீங்கள்?”

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஏதோ தன்னில்தான் பிழை என்பதுபோல மெல்லப் பேசினான். கணினியில் பழைய கோப்புகளைத் தேடினேன். விரல் ஒரு எழுத்தை அடித்தால் இரண்டு விழுந்தது.

கடிதம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் நான் எழுதி, அம்மா கையெழுத்து வைத்தது.

நடந்தது இதுதான். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஐயாவை வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான்கு மாதம் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக் கதைத்ததில்லை. பிற்பாடு, கடைசி மகனைத் தேடி இரண்டு தரம் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அவன் ஓடினான். அவன் ஓடியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே அவனுடைய கேஸைப் பார்த்துக் கொடுத்த ஆள், தகப்பன் திரும்பி வந்த கதை இருந்தால் கேஸ் நிற்காது, திரும்பி வரவே இல்லை என்று தாயிடமிருந்து கடிதம் வேண்டும் என்று சொல்லியிருந்தான். அம்மா என் மேசைக்கு முன்னால் இருந்து ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“வந்த மனிசனை வரேல்லை எண்டு எழுதுறது பாவமில்லையோ, பிள்ளை?”

நான் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தேன். நல்ல ஆங்கிலம். படித்தால் கண்ணீர் வரும். அம்மாவைச் சைக்கிளில் ஏற்றி வந்தவர் ஐயாதான். அவர் திரும்பி வரவே இல்லை என்று நான் எழுதி முடிக்கும்வரை, படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த மாதிரிக் கடிதங்களை எழுதியதும் மறந்துவிடுவது என் பழக்கம். பயத்தில் பழகிய பழக்கம். நினைவில் வைத்திருந்தால் நித்திரை வராது. அப்படி மறந்த கையாலேயே ஐயாவின் கல்வெட்டையும் எழுதினேன். கடிதத்தில் காணாமல் போன மனிதர், கல்வெட்டில் போன மாதம் தன் வீட்டில் அமைதியாகக் கண்மூடியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் முடிச்சுப் போட ஒரேயொரு பெயர்தான் தேவைப்பட்டது. அதையும் நாடு சகிதம் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டால்கூட நோவு தனக்குத்தான். நான் விட்டது இன்னொருவனின் மடியில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் வந்த பயம் அவனுக்காக வந்ததல்ல. கடிதத்தின் அடியில் மொழிபெயர்த்தவர் என்று என் பெயரும் முத்திரையும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் வியர்த்தது. அவனைத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் யார் நிற்பார்கள் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அது வந்த பிறகு என் பயம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

சுவிஸ் அதிகாரிக்குத் தமிழ்க் கல்வெட்டு எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர்களில் மொட்டைப் பெட்டிசம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் போடாமல் ஒருவரை மாட்டிவிட எழுதும் கடிதம். காணிக்கு எழுதுவார்கள், கலியாணத்துக்கு எழுதுவார்கள், இப்போது கடல் கடந்தும் எழுதுகிறார்கள். அம்மாவின் பக்கத்து வளவுக்காரருக்கும் இந்த வீட்டுக்கும் எல்லையில் நின்ற ஒரு பனையால் பல வருடப் பகை. அவர் தூரத்துச் சொந்தம், ஆகவே மூத்தவர் அனுப்பிய குழுவில் அவரும் இருந்தார். அவருடைய மகளும் சுவிஸில்தான். ஒரு முத்திரைக்குக்கூடச் செலவில்லை, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

அம்மாவிடம் போனேன். குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லச் சுளகு நின்றுவிட்டது.

“நான் மூண்டு பேர்தானே எழுதித் தந்தனான்” என்றார்.

“மறந்துபோனியளாக்கும் எண்டு நினைச்சிட்டன் அம்மா.”

“பெத்தவள் மறப்பாளோ?”

அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “புத்தகத்தைப் போய் மாத்தும்” என்று மட்டும் சொன்னார்.

உடனே பஸ் பிடித்தேன். அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் தட்டையாகக் கிடந்தது. பஸ்ஸில் யாராவது தொலைபேசியைப் பார்த்தால் என் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள் என்று தோன்றியது. அச்சகத்தில் முந்நூறு புத்தகமும் பின் அடித்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

“என்ன தங்கச்சி, எழுத்துப்பிழையோ?” என்று அச்சகக்காரர் கேட்டார்.

“ஓம் அண்ணை. நடுத்தாளை மாத்த வேணும்.”

அவர் புதிய தாளை அச்சடிக்க, நான் நிலத்தில் இருந்து ஒவ்வொரு புத்தகமாகப் பின்னைக் கழற்றினேன். பழைய தாளை உருவி எடுத்து எண்ணி எண்ணி உரப்பையில் போட்டேன். ஒன்று குறைந்தாலும் உயிர் போகும்போல் இருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன். முந்நூறு. இன்னொரு முறை எண்ணத் துணிவில்லாமல் பையின் வாயைக் கட்டினேன்.

திரும்பும்போது பாலத்தடியில் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. போதைப்பொருள் தேடுகிறார்களாம். ஒருவர் ஏறி ஒவ்வொரு பையாகத் தொட்டுக்கொண்டு வந்தார். என் பையைக் காலால் தட்டி, “என்ன இது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டார்.

“செத்தவீட்டுப் புத்தகத்தின்ரை தாள்.”

செத்தவீடு என்றதும் காலை இழுத்துக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அவருக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் வேலணை வரும்வரை பையைத் தூக்கி மடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன். நல்ல தாள், இலகுவில் எரியவில்லை. ஒவ்வொரு தாளும் சுருளும்போது நான்கு பெயரும் ஒருதரம் நிமிர்ந்து தெரிந்தன.

பெயரை எடுத்துவிட்டதைச் சொன்னதும் கனடா மூத்தவர் தொலைபேசியில் குதித்தார். “கூடப்பிறந்தவனை விட்டிட்டோ கல்வெட்டு அடிக்கிறது? உங்களுக்கு விசரோ?” தம்பி தன் கேஸ் விபரத்தை அண்ணனுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. தொலைபேசியில் விபரம் சொல்ல எனக்கும் பயம். “அண்ணை, தயவுசெய்து குழுவிலை போட்டதை அழியுங்கோ. மிச்சத்தை அம்மாவைக் கேளுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அம்மா என்ன சொன்னாரோ தெரியாது. மாலையில் குழுக்களில் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று வந்தது. அதைப் பார்த்ததும்தான் இன்னொன்று உறைத்தது. அதுவரை திறந்து பாராதவர்களும் இனி என்ன அழிக்கப்பட்டது என்று கேட்பார்கள்.

அந்தியேட்டிவரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கணினியை மூடுவேன். மூடிவிட்டு, எதற்காக மூடினேன் என்று என்னையே திட்டுவேன். கோழிக்குஞ்சு அறிக்கையில் பயனாளிகளின் பெயர் எல்லாவற்றையும் நீக்கி அனுப்பினேன். நிறுவனத்தார் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தியேட்டியன்று வவுனியா மகளின் கணவர் கீரிமலைக்குப் போய்க் கிரியைகளை முடித்துக்கொண்டு வந்தார். முற்றத்துப் பந்தலில் பந்தி போட்டார்கள். சாப்பிட்டு எழும்பியவர்கள் வெற்றிலையோடு கல்வெட்டையும் எடுத்துக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். நான் ஒரு கம்பத்தோடு ஒட்டி நின்று, யார் நடுப்பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் திறந்தார்கள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மூடினார்கள். பக்கத்து வளவுக்காரர் மூடவில்லை. ஒரு கையில் புத்தகம், மறு கையில் தொலைபேசி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, வாசற்படியில் இருந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

“அக்கா, போனிலை வந்ததிலை கடைசியின்ரை பேரும் இருந்தது. இதிலை காணேல்லை.”

முற்றம் அடங்கிப்போயிற்று. வாளியோடு போன பெண்கூட நின்றுவிட்டாள். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு மூண்டு பிள்ளையள்தான்” என்றார்.

அங்கே இருந்தவர்களில் அந்த நான்காவது பிள்ளைக்கு ஏடு தொடக்கியவர் இருந்தார். அவனோடு ஒரே வாங்கில் படித்தவர்கள் இருந்தார்கள். அவன் எறிந்த கல்லால் மண்டை உடைந்தவரும் இருந்தார், வேறு யாருமல்ல, கேள்வி கேட்டவர்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வளவுக்காரர் தொலைபேசியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ, எனக்கு ஒரு வருடம்.

“ஓம் அக்கா” என்றார் கடைசியில். “மூண்டுதானே. நான் ஆரின்ரையோ புத்தகத்தோடை மாறிப்போனன்.”

“அதுதானே, மூண்டு” என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். “மூண்டுதான்” என்றார் இன்னொருவர். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வளவுக்காரர் தன் கதிரைக்குத் திரும்பிப் போய்த் தொலைபேசியில் ஏதோ அழுத்தினார். அழித்தாரா, வேறு ஏதாவது செய்தாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

நாலு மணியளவில் சனம் கலைந்த பிறகு கடைசி மகன் தொலைபேசி எடுத்தான். அந்தக் கிழமை முழுவதும் தாயின் எண்ணுக்கு எடுக்கப் பயந்து எனக்குத்தான் எடுத்தான். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“முடிஞ்சுது அக்கா. முடிவு கடிதத்திலை வருமாம்.”

“என்ன கேட்டவை?”

“அப்பாவைப் பற்றிப் பிறகு ஏதும் தகவல் வந்ததோ எண்டு கேட்டவை. இல்லை எண்டு சொன்னனான்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அப்பா செத்ததுக்கு நான் மீசையும் எடுக்கேல்லை அக்கா. ஏன் எடுத்தனீ எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?”

“சாப்பிட்டியோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம் அம்மா.”

“மரக்கறிதானே?”

“ஓம் அம்மா.”

அவ்வளவுதான் அவர்கள் கதைத்தது. அந்த முடிவுக் கடிதம் இன்னும் வரவில்லை.

தொலைபேசியை வைத்ததும் அம்மா மிச்சமிருந்த கல்வெட்டுகளில் ஒன்றை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தார். மூன்று பெயருக்கும் கீழே இருந்த வெறும் இடத்தை விரலால் தடவினார்.

“பிள்ளை, பேனை இருக்கோ? இந்த ஒண்டிலை மட்டும் அவன்ரை பேரை எழுதிச் சாமித்தட்டிலை வைக்கிறன். ஒருத்தரும் பாக்கமாட்டினம்.”

“இல்லையம்மா, கொண்டு வரேல்லை” என்றேன்.

அம்மா என் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். அதன் வாய் திறந்துதான் இருந்தது. உள்ளே இரண்டு பேனைகள் இருந்தன. அவர் புத்தகத்தை மூடி மற்றவற்றோடு வைத்தார்.